மூன்றாந் துறையும் கல்முனைக் கரையும்

கொலின் கிளாக் என்னும் பொருளியலறிஞர் 1940 இல் வெளியிட்ட 'பொருளாதார முன்னேற்றத்தின் நிலைமைகள்' என்னும் நூல் தொழில்களை மூவகையாக வகுத்தது. வேளாண்மையும் மீன்பிடியும் முதலாந் துறை, ஆக்கத்தொழில் இரண்டாவது, வாணிகமும் போக்குவரத்தும் கல்வியும் போன்ற சேவைகள் மூன்றாவது. வருமானம் உயருந்தோறும் மக்கள் முதற்றுறையினின்றும் நீங்கி ஏனையவற்றிற் சேர்வர் என்பது அவர் முடிபு.

பகுப்பு எளியது, அவ்வெளிமையே அதன் குறையுமாம். கல்முனைக் கரையில் பெரும்போகம் செய்தவர் அறுவடையின் பின் நெல் வாங்கி விற்பதுண்டு. மருதமுனையில் ஒரே குடும்பத்தில் ஒருவர் தறியிலிருக்க, மற்றொருவர் சாரப் பொதியுடன் ஊரூராகச் செல்வார். சாய்ந்தமருதில் கரைவலை இழுக்கும் வீட்டிலேயே மீன் வியாபாரியும் இருப்பார். இவர்களை எந்நிரலில் எழுதுவது? தலையாய தொழிலை மட்டும் பதிந்தால் வாணிகத்திற் பெரும்பகுதி ஏட்டினின்றும் மறைந்துவிடும்.

1951 இல் பாவர், யாமி என்னும் இருவர் மேற்காபிரிக்காவைச் சான்றாக்கி இத்தடையையே எழுப்பினர். மூலதனம் அரிதாய் உழைப்பு மலிவாய் உள்ளவிடத்து, சிதறிய விளைவைத் திரட்டவும் பொதியைச் சில்லறையாகப் பிரிக்கவும் ஆட்கள் பலர் வேண்டும் என்றனர். ஆகவே வறுமையிலும் வணிகர் மிகுவர். வாதம் வலிது, கல்முனைச் சந்தையே அதற்குச் சான்று.

எனினும் வணிகர் தொகை நலத்தின் அளவாகாது. முன்கடன் பெற்ற மீனவர், கடன் கொடுத்த முதலாளி சொன்ன விலைக்கே மீனைக் கொடுக்க நேர்ந்தால், சேவை பெருகியும் கரை செழிக்காது. எனவே இங்கு ஆராய்வோர் தலைகளையன்றி நாட்களை எண்ணல் வேண்டும்: வயலில் எத்தனை, கடையில் எத்தனை, ஈட்டியது யார் கையில் என்று. ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்க்கு இக்களம் கைக்கெட்டிய தூரத்திலேயே உள்ளது.