பொடி எழுத்தில் ஓர் ஆபத்து

மாத்திரையோடு மடித்து வருகிறதே ஒரு தாள், அதைக் கடைசியாக எப்போது பிரித்துப் படித்தீர்கள்? நான் காமர்ஸ்காரன். பாலன்ஸ் ஷீட்டில் நிஜ சமாசாரம் அடிக்குறிப்பில்தான் இருக்கும் என்பது பாலபாடம். அந்தப் பழக்கத்தில், லினசோலிட் என்ற ஆன்டிபயாடிக்கின் தாளை ஒரு புத்தகம் மாதிரி விமர்சித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வேறு மருந்துக்கு மசியாத கிருமிகளுக்காக 2000-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து. 28 நாளுக்கு மேல் கொடுப்பதை முறையாகச் சோதித்ததில்லை என்று தாளே ஒப்புக்கொள்கிறது. இன்று அதையே முரட்டுக் காசநோய்க்கு ஆறு மாதம் தருகிறார்கள். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அனுமதித்த நாலு மருந்துக் கூட்டணியில் இதுவும் உண்டு. இருபது மாதம் வரை இழுத்த சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது சாதாரண விஷயமில்லை. ஆகவே புகார் மருந்தின் மேல் அல்ல, தாளின் மேல்!

நடுவில் 'லாக்டிக் அசிடோசிஸ்' என்று வருகிறது. விஷயம் இதுதான். பாக்டீரியா புரதம் தயாரிக்கும் எந்திரத்தை லினசோலிட் முடக்குகிறது. நம் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவும் ஆதியில் பாக்டீரியா வம்சம்தான். அதனுள்ளும் ஏறக்குறைய அதே எந்திரம். நாள் கூடக்கூட அதுவும் அடி வாங்கலாம். அப்போது செல் குறுக்கு வழியில் சர்க்கரையை உடைக்க, ரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்கிறது. கவனிக்காவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அறிகுறி? விடாத குமட்டல், வாந்தி. நம் வீட்டில் என்ன சொல்வோம்? 'மருந்து சூடு, மோர் குடி.' இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு சர்க்கரை திடீரென்று இறங்கலாம் என்பதும் அந்தத் தாளில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில், எறும்பு சைஸில். கடைக்காரர் அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை தந்தால் அதுவும் கிடையாது.

பக்கவிளைவை வெளிப்படையாக எழுதினால் மருந்து கெட்டுப்போகாது. தென்னாப்பிரிக்காவில் 109 காசநோயாளிகளிடம் தினம் 1,200 மில்லிகிராமில் தொடங்கிப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்குப் பலன். ஆனால் 81 சதவீதம் பேருக்கு நரம்புப் பாதிப்பு. 2020-ல் இரண்டையும் அச்சிட்டார்கள். 2022-ல் வந்த அடுத்த ஆய்வு, 600 போதும் என்று காட்டியது. பலன் குறையவில்லை, பாதிப்பு குறைந்தது.

தாளில் பெரிய எழுத்தில், தமிழில் இரண்டே வரி போதும்: 'வாந்தி விடாவிட்டால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.'

இதற்கு மை எவ்வளவு செலவாகிவிடும், சொல்லுங்கள்?