ரசவாதக் கல்: ஒரு தலைப்பின் பொருட்புலம்

மர்ம நாவல் தரும் இன்பம், பொருள் படிப்படியாகப் புலப்படுவதால் விளைவது. ஆகவே அதன் தலைப்பை மொழிபெயர்ப்பவர், எதனைச் சொல்வது, எதனை மறைப்பது என்பதை வரையறுத்துக்கொள்ள வேண்டும். இளையோர் விரும்பிப் படிக்கும் ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நாவல் இதற்குத் தக்க சான்று.

1997-இல் வெளியான பிரிட்டிஷ் பதிப்பின் தலைப்பு 'தத்துவஞானியின் கல்' எனப் பொருள்படும். 1998-இல் வந்த அமெரிக்கப் பதிப்பு அதனை 'மந்திரவாதியின் கல்' என்றாக்கியது. பி. எஸ். வி. குமாரசாமியின் தமிழாக்கமோ 'ரசவாதக் கல்' என்கிறது. கல்லுக்கு உரியவரை விடுத்து, கல்லின் செயலைச் சுட்டும் ஆக்கம் இது.

பொது வழக்கில் 'ரசவாதம்' என்பது பிற உலோகத்தைப் பொன்னாக்கும் வித்தை. சித்தர் மரபுவழித் தமிழர் அறிந்த சொல். கோலார் தங்கவயலில் பொடித்த தாதுக்கல்லிலிருந்து ஒரு காலத்தில் பாதரசம் கொண்டும் பொன் பிரிக்கப்பட்டது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. எனினும் சாம்பியன் ரீப்ஸ் தமிழ் வாசகருக்கு ரசம், கல், பொன் என்னும் மூன்றும் மந்திரத்தினும் தொழிலையே முதலில் நினைவூட்டக்கூடும்.

இத்தகைய தெளிவு புதிரைத் தொடக்கத்திலேயே உடைத்துவிடுகிறது எனக் குறை கூறலாம். ஆனால் உடைவது பாதியே. கதையின் பகைவன் நாடுவது பொன்னன்று. அக்கல் தரும் சாவாமருந்து. அப்பொருளுக்கு நெருங்கிய 'காயகல்பம்' என்னும் சொல் தலைப்பில் இல்லை. எனவே வாசகர் பொன்னை எண்ணிச் செல்கிறார்; உயிராசை பின்னரே வெளிப்படுகிறது.

மூலச்சொல்லுக்கு நேர்ச்சொல் காண்பதினும், பெறுமொழிச் சொல் கதையின் எந்தப் பகுதியைத் திறக்கிறது, எதனை மூடிவைக்கிறது என ஆராய்தலே மர்மக் கதை மொழிபெயர்ப்பில் முதன்மையானது.