வெள்ளைச் சாமை

திருச்செங்கோட்டில் ஏதாவது ஒரு பெரிய மளிகைக் கடையில் 'சாமை இருக்குங்களா?' என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வெள்ளை வெளேரென்று ஒரு பாக்கெட் வரும். அதன் மேல் 'பாரம்பரிய உணவு', 'சர்க்கரைக்கு நல்லது' என்றெல்லாம் போட்டிருக்கும். காசை எடுப்பதற்கு முன் ஒரு நிமிஷம்.

2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தாலும் அறிவித்தது, சாமை, தினை பற்றி ஆராய்ச்சிக் கட்டுரைகள் மூட்டை மூட்டையாக வருகின்றன. நான் படித்த வரையில் ஒரு குறை. பலவும் லேபில் இருக்கும் தானியத்தைத்தான் அளக்கின்றன. நம் தட்டில் விழுவது வேறு.

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தாரின் ஆய்வு ஒன்று இதற்கு விலக்கு. சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்தையும் தவிடோடும், தவிட்டைத் தீட்டியும் சோதித்தார்கள். தீட்டினால் நார்ச்சத்து, புரதம், தாதுக்கள் இறங்குகின்றன, மாவுச்சத்து ஏறுகிறது. ஆக, அந்த வெள்ளைப் பாக்கெட் அரிசிக்குச் சித்தப்பா பையன்! ஆலைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை. தவிட்டில் எண்ணெய் உண்டு, நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். கடையில் மாசக்கணக்கில் கிடக்க வேண்டிய சரக்கைத் தீட்டத்தான் செய்வார்கள். நமக்கும் வெள்ளையாக இருந்தால்தானே பிடிக்கிறது?

இதைவிட எனக்குப் பிடித்த ஆராய்ச்சி நாமக்கல் மாவட்டத்திலேயே, கொல்லிமலையில் நடந்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போகிற மலை. அங்கே சாமையும் தினையும் விளைந்த நிலத்தில் குச்சிக்கிழங்கு (மரவள்ளிதான்) ஏறிவிட்டது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் அங்கே வேலை தொடங்கினார்கள். விதையைக் காப்பாற்றுவது, சத்தைச் சொல்வது என்பதோடு நிற்காமல், இதை யார் குத்துகிறார்கள் என்றும் பார்த்தார்கள். சாமையின் உமி லேசில் போகாது. உரலில் போட்டு மணிக்கணக்கில் இடிக்க வேண்டும். இடிப்பது பெண்கள். வயசான ஆத்தாக்களைக் கேளுங்கள், தோள்பட்டையைத் தொட்டுக் காட்டுவார்கள். ரேஷன் அரிசி வந்ததும் சாமை அடுப்பை விட்டு இறங்கியதில் ஆச்சரியம் என்ன? அதனால் மலைக் கிராமங்களில் சின்ன உமி நீக்கும் இயந்திரங்களை வைத்து, பெண்கள் குழுக்களிடம் ஒப்படைத்தார்கள். நூறு சத்துப் பட்டியலைவிட அந்த இயந்திரம் எனக்குப் பெரிசு.

ஆனாலும் கணக்கு இன்னும் உதைக்கிறது. குச்சிக்கிழங்குக்குச் சமவெளியில் சேகோ ஆலைகள் காத்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது சேலத்தில் பிறந்த தொழில் அது. வேடிக்கை பாருங்கள், சிறுதானியங்களுக்கு உலகமே விழா எடுத்த அதே 2023-ல்தான் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. குச்சிக்கிழங்கைப் பிடுங்கிவிட்டுச் சாமை போடு என்று விவசாயியிடம் சொல்கிறவர்கள், ஏக்கருக்கு என்ன மிஞ்சும் என்றும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? ஆராய்ச்சிக் கட்டுரைகளில் நான் தேடித் தேடி அலுத்த பத்தி அது.

சரி, கடைக்கு வருவோம். 'தீட்டாத சாமை இருக்குங்களா?' என்று கேளுங்கள். பழுப்பாக இருக்கும். முகர்ந்து பார்த்து, ஒரு மாசத்துக்கு மட்டும் வாங்குங்கள். வேக வைக்கத் தண்ணீர் கொஞ்சம் கூட வேண்டும்.