கான்கிரீட் மேல் தார்: மூடினால் சரியாகிவிடுமா?

அமெரிக்காவில் தெருவிலிருந்து வீட்டு கராஜ் வரை கார் வந்து போகும் பாதைக்கு டிரைவ்வே என்று பெயர். பல வீடுகளில் அது கான்கிரீட். அது விரிசல் விட்டதும் காண்ட்ராக்டர்கள் ஒரு யோசனை சொல்வார்கள்: "உடைக்க வேண்டாம், மேலேயே இரண்டு அங்குலம் தார்க்கலவை போட்டுடலாம். கீழே கான்கிரீட் இருக்கே, அதைவிட உறுதியான அடித்தளம் கிடைக்குமா?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. பாதி உண்மையும்கூட. காரின் எடையைத் தாங்க கான்கிரீட் நல்ல அடித்தளம்தான். ஆனால் இங்கே சிக்கல் எடை மட்டும் இல்லை, அசைவு. என் ஆட்சேபம் இந்த இடத்தில்தான்.

கான்கிரீட் வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு, நீளத்தில் பத்து லட்சத்தில் சுமார் 10 பங்கு. 3 மீட்டர் பலகை, கோடைக்கும் பனிக்காலத்துக்கும் 50 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால் ஒன்றரை மில்லிமீட்டர் வருகிறது. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்த ஒன்றரை மில்லிமீட்டர் முழுவதும் இரண்டு பலகைகள் சேரும் ஒரே கோட்டில் திறக்கிறது. அதற்கு நேர் மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் தார், அதுவும் குளிரில் விறைத்துப்போன தார், எப்படி இழுபடும்? கிழியும். போதாததற்கு, பலகைக்கு அடியில் மண் இறங்கியிருந்தால் கார் ஏறும்போதெல்லாம் அதன் ஓரம் மேலும் கீழும் ஆடும். கடைசியில் கீழே இருந்த விரிசல்கள் அதே வரிசையில் மேலே வந்து நிற்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

அந்த விரிசல் வழியாகத் தண்ணீர் இறங்கி இரண்டு அடுக்குக்கும் நடுவில் தங்கும். உறைந்தால் சுமார் 9 சதவீதம் பெருக்கும். தார் பெயர ஆரம்பிக்கும்.

"நெடுஞ்சாலைகளிலேயே இப்படித்தானே செய்கிறார்கள்?" என்று கேட்கலாம். செய்கிறார்கள், சும்மா மூடுவதில்லை. கான்கிரீட்டை நொறுக்கி, பலகையாக அசைய முடியாதபடி செய்துவிட்டு அதன்மேல் போடுவது ஒரு முறை. புதுத் தாரை இணைப்புகளுக்கு நேர் மேலே அறுத்து, ரப்பர் கலந்த தாரால் அடைப்பது இன்னொன்று. விரிசல் எப்படியும் வரும், நாம் சொன்ன இடத்தில் வரட்டும் என்கிற புத்திசாலித்தனம் அது. வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் விலையில் இந்த வேலையெல்லாம் சேர்ந்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அடுத்தது உயரம். இரண்டு அங்குலம் ஏறினால் மழைநீர் கராஜுக்குள் திரும்பலாம். இது நமக்குப் புதுசா என்ன? பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டு, வீடுகள் பள்ளத்தில் போன தெருக்கள் நம் ஊரில் எத்தனை! சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று தமிழகத் தலைமைச் செயலாளர் 2021-ல் அறிவுறுத்த வேண்டியிருந்தது.

ஆக, பலகைகள் ஆடாமல், இறங்காமல், நீர் ஓட வழியோடு இருந்தால் மேலே போடலாம். அப்போதும் இணைப்புக் கோடுகள் ஒருநாள் தெரியும். பலகை ஆடினால் உடைப்பதே சிக்கனம். இல்லையென்றால் அந்தத் தாரையும் சேர்த்து உடைக்கும் கூலியைப் பிறகு கொடுக்க வேண்டியிருக்கும்.