கட்டபொம்மன் யாருடைய சொத்து?

கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. அங்கே நிற்கும் சிலை, சிவாஜி கணேசன் தம் செலவில் நிலம் வாங்கி வைத்தது. எனக்கு அதில் பாளையக்காரன் தெரிவதில்லை, நடிகர்தான் தெரிகிறார். சிலையின் மீது தவறில்லை. 1959இல் வந்த பி. ஆர். பந்துலுவின் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' நம் மனசில் வேறு முகத்துக்கு இடம் வைக்கவில்லை.

அதற்கு முன் அவன் கதைப்பாடல்களில் இருந்தான். ஒருவன் பாடியதுபோல் இன்னொருவன் பாடவில்லை. கூட்டவும் குறைக்கவும் யாரும் அனுமதி கேட்கவில்லை. மேடை நாடகமாகி, பிறகு படமானபோது இந்தப் பொதுச் சொத்து ஒரே வடிவத்தில் உறைந்தது. ஒரு படக்கம்பெனியின் உடைமையும் ஆயிற்று.

அந்த உடைமைக்கும் கெடு முடிந்துவிட்டது. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் சினிமாவுக்கு 50 வருஷம் தந்தது. 1992ஆம் வருஷத் திருத்தம் அதை 60 ஆக்கியது. வெளியானதற்கு அடுத்த வருஷத்திலிருந்து கணக்கு. ஆகவே 2020 ஜனவரி 1 முதல் இந்தப் படம் எல்லோருடையதும்.

ஆனால் சட்டம் படத்தை ஒற்றைப் பொருளாகப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் வசனம், பாட்டு, இசை ஒவ்வொன்றுக்கும் தனி ஆயுள்: ஆக்கியவர் மறைந்த பிறகு 60 வருஷம். ஜி. ராமநாதன் 1963இல் மறைந்தார். அவருடைய இசை 2023 முடிவில் விடுபட்டது. சக்தி கிருஷ்ணசாமியின் வசனம் இன்னும் விடுபடவில்லை. பிம்பம் நமக்கு, பேச்சு நமக்கில்லை. வசனத்தாலேயே நின்ற ஒரு படத்துக்குச் சட்டம் எழுதிய விமர்சனம் இது. நாம் எழுதியதைவிடக் கூர்மையானது. சத்தத்தை அடைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். வர்ணமும், மேடையை விட்டு அகலாத காட்சியமைப்பும், ஒரு மகத்தான நடிகரின் கண்களும் நடையும் மிஞ்சும். அந்த மிச்சம்தான் சினிமா. அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

இன்னொன்று. உரிமை காலாவதியாவது வேறு, பிரதி கைக்கு வருவது வேறு. நகலெடுக்கத் தடையில்லை என்கிறது சட்டம். நெகடிவ் வைத்திருப்பவரிடம் கதவைத் திற என்று சொல்லவில்லை. 1931இல் வந்த 'காளிதாஸ்' இன்று எல்லோருக்கும் சொந்தம். பிரதி மட்டும் கிடையாது. எட்டயபுரத்துப் பாரதியின் எழுத்துக்களை 1949இல் அரசு வாங்கிப் பின்பு பொதுவாக்கியது. அதன் பிறகு மலிவுப் பதிப்புகளும் வந்தன, பாடபேதம் பார்த்துத் திருத்திய பதிப்புகளும் வந்தன. சினிமாவுக்கு அந்த உழைப்பு இன்னும் தொடங்கவில்லை.

தமிழ் சினிமாவை இத்தனை காலம் ஞாபகத்தை நம்பித் திட்டினோம். இனி படத்தையே முன்னால் வைத்து, வெட்டி, நிறுத்தி, மறுத்துப் பேசலாம். கதைப்பாடகனுக்கு இருந்த சுதந்திரத்தில் பாதி திரும்பி வந்திருக்கிறது. அதை எடுத்துக்கொள்ள நமக்கு மனசில்லையென்றால், கயத்தாற்றில் அந்த ஒரு முகம்தான் நிலைக்கும். அப்போது கம்பெனியைக் குறை சொல்ல முடியாது.