மாரியில் கட்டவேண்டிய கால்கள்

ஒக்டோபர் நடுப்பகுதியில் மாரி மழை திருகோணமலைக்கு வந்துவிடும். பள்ளி மைதானங்களில் தண்ணீர் நிற்கும், ஓட்டப் பயிற்சியும் நின்றுபோகும். மழை ஓய்ந்து புதிய ஆண்டின் முதலாம் தவணை சூடுபிடித்ததும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கான அறிவித்தல் வரும். இருக்கிற சில வாரங்களில் பிள்ளைகள் 100 மீற்றரைத் திரும்பத் திரும்ப ஓடிப் பார்ப்பார்கள். சிலர் பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். வேகத்துக்கு அடித்தளம் போடவேண்டிய மூன்று மாதங்கள் மழையோடு வீணாகிப் போயிருக்கும்.

வேகம் எங்கிருந்து வருகிறது? காலை வேகமாக வீசுவதிலிருந்து என்றுதான் பெரும்பாலானோர் நினைக்கிறார்கள். பீட்டர் வேயண்டும் சக ஆய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. செக்கனுக்கு 6.2 மீற்றர் ஓடுபவரும் 11.1 மீற்றர் ஓடுபவரும் உச்ச வேகத்தில் காலை முன்னே கொண்டுவர எடுத்த நேரம் ஏறத்தாழ ஒன்றுதான். வேகமானவர் தரையை 1.26 மடங்கு அதிக விசையோடு அழுத்தினார். அதுவும் மிகக் குறுகிய நேரத்துக்குள். உயர்மட்ட குறுந்தூர வீரரின் பாதம் உச்ச வேகத்தில் தரையில் இருப்பது ஒரு செக்கனின் பத்தில் ஒரு பங்கு அளவே.

ஆக, தேவை இரண்டு: பலம், அந்தப் பலத்தைச் சட்டென வெளிப்படுத்தும் திறன். கரைவலை இழுக்கும் தொழிலாளரின் கால், முதுகு, கைப்பிடி ஆகியவற்றின் உறுதியை இந்தக் கரையோர மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அது நீண்டு நின்று இழுக்கும் பலம். ஓட்டத்துக்கு அதே பலம் நொடிப்பொழுதில் வெளிவர வேண்டும்.

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் மணலில் ஓடினால் போதும் என்பது இங்கே பரவலான நம்பிக்கை. மணலில் ஓட, கெட்டித் தரையில் ஓடுவதைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. உழைப்புக்கு அது நல்லதுதான். ஆனால் காலடியில் மணல் நழுவுவதால் பாதம் தரையில் கூடுதல் நேரம் தங்குகிறது. குதிகால் நாண் நீண்டு மீளும் துள்ளலையும் மணலே விழுங்கிவிடுகிறது. மூச்சுக்கும் கணுக்காலுக்கும் மணல் உதவும், உச்ச வேகத்தைத் தராது. அதற்குக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதி போன்ற ஏற்றம் மேலானது. பக்தர்கள் வருமுன், அதிகாலையில், 20 அல்லது 30 மீற்றர் தூரத்தை ஐந்தாறு தடவை முழு வேகத்தில் ஏறி, ஒவ்வொரு தடவையும் நன்றாக ஆறி நடந்து இறங்கினால் போதும்.

தொடக்கநிலையாளருக்கு இயந்திரங்கள் நிறைந்த ஜிம் தேவையில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், இடையில் குறைந்தது இரண்டு நாள் ஓய்வு. முதல் நான்கு வாரம் உடல் எடையோடு குந்தி எழுதல், ஒரு காலை முன்வைத்துத் தாழ்தல், படியில் ஏறி இறங்குதல், ஒற்றைக் காலில் குதியை உயர்த்துதல், தண்டால். ஒவ்வொன்றும் 8 முதல் 10 தடவை, இரண்டு அல்லது மூன்று சுற்று. அசைவு சுத்தமாக வந்தபின் மணல் நிரப்பிய பையோ பளுவோ சேர்க்கலாம். அடுத்த கட்டத்தில் தடவைகளை ஐந்தாகக் குறைத்துப் பாரத்தைக் கூட்ட வேண்டும். துள்ளல் பயிற்சிகள் கடைசியில்தான், அதுவும் குறைந்த எண்ணிக்கையில். ஓட்டமும் பளுவும் ஒரே நாளில் வந்தால், உடல் புத்துணர்வோடு இருக்கும்போதே ஓட்டத்தை முடித்துவிட வேண்டும்.

பின்தொடைக்கு நோர்டிக் பயிற்சியைத் தவறவிடக் கூடாது. முழங்காலிட்டு, கணுக்காலை நண்பர் ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்து மெல்ல முன்னால் சாய வேண்டும். இதைத் தம் பயிற்சியில் சேர்த்த அணிகளில் பின்தொடைக் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 2019இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு காட்டியது.

பளு தூக்கினால் உடல் கனத்துவிடும் என்று பெண்பிள்ளைகளும், வளர்த்தி நின்றுவிடும் என்று பெற்றோரும் அஞ்சுகிறார்கள். முதல் வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பகுதி, நரம்புகள் தசைகளை நன்றாக இயக்கப் பழகுவதால் வருவது. உடல் பருப்பதால் அல்ல. தெரிந்த ஒருவரின் கண்காணிப்பில் சரியான முறையில் செய்யும் பயிற்சி வளர்ச்சியைத் தடுக்கிறது என்பதற்கு ஆதாரமும் இல்லை.

நெடுந்தூரம் ஓடுவோரும் இதைத் தள்ளிவைக்க முடியாது. 1999இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், பயிற்சி நேரத்தின் மூன்றில் ஒரு பங்களவை வெடிப்புத் திறன் பயிற்சிக்கு ஒதுக்கிய ஓட்டவீரர்களின் 5 கிலோமீற்றர் நேரம் ஒன்பது வாரத்தில் ஏறத்தாழ 3 சதவீதம் குறைந்தது. அவர்களின் உச்ச ஒட்சிசன் நுகர்வு கூடவில்லை. கால்கள்தான் சிக்கனமாக ஓடக் கற்றுக்கொண்டன.

2022 ஜூலை 3 அன்று சுவிற்சர்லாந்தில் இலங்கை வீரர் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, 10 செக்கனுக்குள் ஓடிய முதல் தெற்காசியரானார். அடுத்த மாதம் பேர்மிங்காம் பொதுநலவாய விளையாட்டில் வெண்கலமும் வென்றார். அந்த வேகம் இத்தாலியில் தங்கிப் பல ஆண்டுகள் பெற்ற முறையான பயிற்சியின் விளைவு. திருகோணமலைப் பிள்ளைக்கு இத்தாலி எட்டாதிருக்கலாம். வாரம் இரண்டு மாலை, கூரையுள்ள ஓர் இடம், அசைவைத் திருத்த ஓர் ஆசிரியர் என்பவை எட்டக்கூடியவையே.

விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ஒக்டோபரில் மைதானம் நனைந்ததும் பயிற்சியை நிறுத்திவிடாதீர்கள். பாடசாலை மண்டபத்தைத் திறந்துவிடுங்கள், ஆண்பிள்ளைகளோடு பெண்பிள்ளைகளையும் அழையுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து மணிக்கூட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.