கரையில் உட்கார்ந்த தகப்பனார்

தகப்பனும் பிள்ளையும் மோதிக்கொள்கிற கதைகள் உலக இலக்கியத்தில் ஏராளம். டாஸ்டாவ்ஸ்கியின் ‘கரமஸாவ் சகோதரர்கள்’ (1880) தகப்பன் கொலையையே மையமாகக் கொண்டது. காப்கா 1919-ல் தம் தகப்பனாருக்கு எழுதிய நீண்ட கடிதம் அவர் கையில் போய்ச் சேரவே இல்லை, நாம்தான் படித்துக்கொண்டிருக்கிறோம். மோதலை எழுதுவது ஒரு விதத்தில் சுலபம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு பேரை எதிரெதிரே நிறுத்திவிட்டால் கதை தானாகவே நகரத் தொடங்கிவிடும். வளர்ந்து ஆளாகிவிட்ட பிள்ளையைப் பார்த்து ஒரு தகப்பன் மனசுக்குள் பூரித்துப் போவதை எழுதுவதுதான் சிரமம். பூரிப்பில் சம்பவம் கிடையாது. அதை வாய்விட்டுச் சொன்னால் அசட்டுத்தனமாகிவிடுகிறது. சொல்லாமல் விட்டால் வாசகனுக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இந்தச் சிரமத்தைத் தாண்டியவர்களில் முதல்வர் துர்கனேவ். ‘தந்தையரும் தனயரும்’ (1862) நாவலில் கிழட்டு பஸாராவ் வருகிறாரே, ஓய்வுபெற்ற ராணுவ வைத்தியர், அவர் மகன் வீட்டுக்கு வந்திருக்கும்போது தம் சந்தோஷத்தை ஒளித்து வைக்கப் படாதபாடு படுகிறார். மகனுக்கு இதெல்லாம் பிடிக்காது. ஆகவே மகனுடைய சிநேகிதனைத் தனியே பிடித்துக்கொண்டு, ‘என் பையனைப் பற்றி உமது அபிப்பிராயம் என்ன?’ என்ற தோரணையில் விசாரிக்கிறார். அந்த இரண்டு பக்கத்துக்கு ஈடாக ஏதாவது உண்டா என்று ரொம்ப நாள் தேடிக்கொண்டிருந்தேன். உண்டு. அதை எழுதியவர் தொழில்முறை நாவலாசிரியரே அல்ல.

நார்மன் மக்ளீன் சிகாகோ சர்வகலாசாலையில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். 1902-ல் பிறந்தவர். 1973-ல் ஓய்வு பெற்ற பிறகுதான் கதை எழுத உட்கார்ந்தார். ‘நடுவே ஓடும் ஓர் ஆறு’ என்று பொருள்படும் தலைப்பில் அவருடைய முதல் கதைப் புஸ்தகம் 1976-ல் வந்தபோது அவருக்கு வயது 73. நியூயார்க் பிரசுரக்காரர் ஒருவர், கதைகளில் மரங்கள் இருக்கின்றன என்று குறை சொல்லித் திருப்பி அனுப்பினாராம். கடைசியில் அவர் வேலை பார்த்த சர்வகலாசாலையின் அச்சகமே வெளியிட்டது. அது வெளியிட்ட முதல் புதுக் கதைப் புஸ்தகம் இதுதான். மறு வருஷம் புலிட்ஸர் பரிசுக்கு நடுவர்கள் இதைச் சிபாரிசு செய்தார்கள். மேலிடத்தார் அந்த வருஷம் நாவல் பரிசே யாருக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். புஸ்தகம் அதனால் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை.

புஸ்தகத்தில் மூன்று கதைகள். தலைப்புக் கதை சுமார் நூறு பக்கம் வரும் குறுநாவல். மொன்டானா ராஜ்யத்தில் மிசூலா என்ற ஊர். அங்கே பிரெஸ்பிட்டேரியன் சபையின் பாதிரியார் ஒருவர். அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன்தான் கதை சொல்கிறவன். இளையவன் பால், மூன்று வயது சின்னவன். மூன்று பேரும் பிக் பிளாக்ஃபுட் என்ற ஆற்றில் தூண்டில் போடுகிறார்கள். கதை என்று சொல்லப்போனால் இவ்வளவுதான்.

தூண்டில் என்றதும் நம்மவர்களுக்கு மண்புழு ஞாபகம் வரும். அந்தப் பாதிரியார் வீட்டில் மண்புழு வைத்துப் பிடிப்பது பாவத்துக்குச் சமானம். ஆங்கிலேயர்கள் கொண்டாடும் ஐஸக் வால்டனின் 1653-ம் வருஷத்துத் தூண்டில் புஸ்தகத்துக்குக்கூட அங்கே மதிப்பில்லை. காரணம், வால்டன் வேறு சபையைச் சேர்ந்தவர். அதோடு புழு வைத்துப் பிடித்தவர். இறகு, ரோமம், நூல் இவற்றை முள்ளில் சுற்றிக் கட்டிப் பூச்சி மாதிரி ஒன்று செய்து, அதை நீர்மேல் மிதக்க விட்டு டிரௌட் மீனை ஏமாற்ற வேண்டும். (வெள்ளைக்காரர்கள் நீலகிரிக்குக் கொண்டுவந்து, அவலாஞ்சிப் பண்ணையில் குஞ்சு பொரிக்க வைத்தார்களே, அந்த மீன்தான்.) பூச்சிக்கு எடையே கிடையாது, எடையெல்லாம் கயிற்றில். ஆகவே கழியைத் தலைக்குமேல் முன்னும் பின்னும் வீசிக் கயிற்றைப் பறக்க விட வேண்டும். கடிகார முகத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்தான் கழி ஆட வேண்டும். நாலு எண்ணிக்கைத் தாளம்.

பாதிரியார் இந்தத் தாளத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தாளக் கருவி ஒன்றைக் கொண்டுவருகிறார். பியானோவுக்கு மேல் இருந்த கருவி அது, அம்மாவுடையது. ஏரிக்கரையில் அப்பாவும் பிள்ளைகளும் தாளம் போட்டுக் கழி வீசுகிறார்கள். அது தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா முழுகுமா என்று அம்மா தாழ்வாரத்திலிருந்து கவலையோடு எட்டிப் பார்க்கிறாள். ஹாஸ்யமாகச் சொல்லிப் போகிற இந்த இடத்தை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. குடும்பத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது இந்த ஒரு படத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

பால் வளர்ந்து ஹெலினா நகரில் பத்திரிகை நிருபன் ஆகிறான். தூண்டிலில் தகப்பனையும் அண்ணனையும் மிஞ்சிவிடுகிறான். கயிற்றைத் தண்ணீரில் படாமலே தாழ்வாகத் திரும்பத் திரும்பப் பறக்க விட்டு, பூச்சிக் கூட்டமே வந்திருக்கிறது என்று மீன்களை நம்ப வைக்கிற வித்தை அவனுடையது. தகப்பன் தாளம் போட்டுச் சொல்லிக்கொடுத்த பாடத்தில் இது கிடையாது. தாம் கற்பித்ததைத் தாண்டிப் போய்விட்ட பிள்ளையைப் பார்த்துத்தான் பாதிரியார் பூரிக்கிறார். கீழ்ப்படிதலை வாழ்நாள் முழுதும் பிரசங்கம் செய்த மனிதர் அவர். சின்ன வயசில் பால் ஓட்ஸ் கஞ்சி குடிக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தபோது, கிண்ணத்தை முன்னால் வைத்து மணிக்கணக்காக உட்கார வைத்துப் பார்த்தார். ஜயித்தது பையன்தான்.

அந்தப் பிடிவாதக்காரன் பெரியவனானதும் குடிக்கிறான், சீட்டாட்டத்தில் கடன்படுகிறான், சண்டை போட்டுப் போலீஸ் காவலில் கிடக்கிறான், நடுராத்திரியில் அண்ணன் போய்க் கூட்டிவர வேண்டியிருக்கிறது. தகப்பனுக்கு எவ்வளவு தெரியும் என்பதை ஆசிரியர் கடைசிவரை சொல்லவில்லை. கொஞ்சம் தெரியும் என்று மட்டும் நமக்குத் தெரிகிறது. பெரியவனிடம் சுற்றிவளைத்து விசாரிக்கிறார். அவனும் சுற்றிவளைத்தே பதில் சொல்கிறான். இளையவனிடம் நேராக யாரும் பேசுவதில்லை. மீனைப் பற்றி மட்டும் பேசுகிறார்கள். கெட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையிடத்தில் கெடாமல் எஞ்சியிருக்கிற ஒன்று அந்தக் கை வீச்சு. அதைப் பார்த்துப் பெருமைப்பட ஒரு தகப்பனுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம்வரை மற்றதைப் பார்க்க வேண்டியதில்லை என்ற வசதியும் அதில் இருக்கிறது அல்லவா? பெருமையும் கண்மூடலும் ஒரே செயலாக இருப்பதை இவ்வளவு நிதானமாகக் காட்டிய கதை எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

நடுவில் நீல் என்று ஒரு பாத்திரம் வருகிறான். அண்ணனுடைய மனைவியின் சகோதரன். கலிபோர்னியாவிலிருந்து வருகிறான், காப்பிப்பொடி டப்பாவில் புழு கொண்டுவருகிறான், ஊரில் பேர்போன ஒருத்தியோடு ஆற்று மணலில் துணியில்லாமல் தூங்கி, உடம்பு வெந்துபோகக் கிடக்கிறான். இந்தப் பகுதி சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் நீளம் அதிகம். பத்துப் பக்கம் குறைத்திருந்தால் நஷ்டமில்லை. இருந்தாலும் அதற்கு ஒரு காரணம் உண்டு. நீலின் தாயும் சகோதரியும் அவனைத் திருத்தப் பாடுபடுகிறார்கள், அவன் பொருட்டு அழுகிறார்கள். அவன் மாறுவதாக இல்லை. பாதிரியார் வீட்டில் யாரும் அழுவதில்லை, பாடுபடுவதுமில்லை. முடிவில் இரண்டு வீட்டுக்கும் வித்தியாசம் ஒன்றும் காணோம்.

கடைசி நாள் வருகிறது. மூன்று பேரும் ஒன்றாக ஆற்றுக்குப் போகிற கடைசி நாள் என்று அவர்களுக்குத் தெரியாது. மூத்தவன் தன் பங்கு மீனைப் பிடித்து முடித்துவிட்டு வந்து பார்க்கிறான்: தகப்பனார் கரையில் உட்கார்ந்து கிரேக்க பாஷையில் புதிய ஏற்பாடு படித்துக்கொண்டிருக்கிறார். இருவருமாக இளையவனைப் பார்க்கிறார்கள். பால் ஓட்டத்தில் நின்று ஒரு பெரிய மீனோடு போராடிக் கரைக்குக் கொண்டுவருகிறான். ஈரம் சொட்டச் சொட்டச் சிரிக்கிறான். தகப்பன் கட்டியணைக்கவில்லை, பெரிய வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது கிழவரின் நெஞ்சு விம்முவது நமக்குக் கேட்கிறது. எப்படி என்றால், ஆசிரியர் தகப்பனை வர்ணிப்பதே இல்லை. தகப்பன் எதைப் பார்க்கிறாரோ அதை மட்டும் அணுஅணுவாக வர்ணிக்கிறார்: தண்ணீர், வெயில், கயிறு, கை. எந்த எழுத்தாளனும் கற்றுக்கொள்ளத்தக்க உத்தி.

அடுத்த மே மாசத்தில் ஒரு விடியற்காலை போலீஸ்காரர் வந்து சொல்கிறார்: பாலை யாரோ துப்பாக்கிப் பிடியால் அடித்துக் கொன்று சந்தில் போட்டுவிட்டார்கள். மூத்தவனும் அந்தப் போலீஸ்காரரும் அதே ஆற்றை ஒட்டிய பாதையில் வண்டி ஓட்டிக்கொண்டு போய்த் தகவல் சொல்கிறார்கள். இன்னும் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று தகப்பன் கேட்கிறார். கை எலும்புகள் அநேகமாக எல்லாம் முறிந்திருந்தன என்கிறான் பிள்ளை. எந்தக் கை என்று கேட்கிறார். வலது கை.

தூண்டில் வீசுகிற கை என்று நான் விளக்க வேண்டியதில்லை, ஆசிரியரும் விளக்கவில்லை. எதிர்த்துச் சண்டை போட்டான் என்று தகப்பன் ஆறுதல் கொள்ளட்டும் என்பதற்காக மகன் அதைச் சொல்லியிருக்கலாம். தகப்பன் கேட்ட கேள்வியில் அந்த ஆறுதலும் இருக்கிறது, முன் வருஷம் கரையில் உட்கார்ந்து பார்த்த நாளும் இருக்கிறது. இரண்டு வார்த்தைக் கேள்விக்கு இவ்வளவு பாரம் தாங்க முடிகிறது என்றால், அதற்கு முன்னால் எண்பது பக்கம் மீன்பிடிப்பு எதற்காக வந்தது என்பது அப்போதுதான் விளங்குகிறது. ‘ஒரே மீன் கதையாக இருக்கிறதே’ என்று பாதியில் மூடி வைத்தவர்கள் தயவுசெய்து மறுபடி திறக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். இந்தக் கதையை எழுதுகிறவன், தகப்பன் பூரித்துப் பார்த்த பிள்ளை அல்ல. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மற்ற பிள்ளை. ஒழுங்காக வாழ்ந்தவன், கலியாணம் செய்துகொண்டவன். அவனும் நன்றாகத்தான் தூண்டில் போடுகிறான். ஆனாலும் கரையில் இருவரும் உட்கார்ந்திருக்கும்போது கண்கள் இளையவன்மேல்தான். இதில் பொறாமை துளிக்கூட இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிற பொறாமையை அன்பு மூடிவிடுகிறது, அவ்வளவுதான். பால் இறந்த பிறகு தகப்பன் பெரியவனுக்கு ஒரு யோசனை சொல்கிறார்: நடந்ததைச் சொல்வதை விட்டு, ஒருநாள் ஒரு கதையைக் கற்பனை செய்து எழுது, அப்போதுதான் புரியும் என்று. பெரியவன் அந்தச் சொல்லை நிறைவேற்ற எழுபது வயசு தாண்ட வேண்டியிருந்தது. தகப்பன் தன்னைப் பார்த்துப் பெருமைப்பட அவன் செய்த காரியம் இந்தப் புஸ்தகம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1941-லேயே தகப்பனார் காலமாகிவிட்டார்.

நிஜத்தில் பால் மக்ளீன் கொலையுண்டது மொன்டானாவில் அல்ல, 1938-ல், சிகாகோவில். கதையில் அதை ஆற்றுக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார் ஆசிரியர். இதைப் பொய் என்று சிலர் சொல்லலாம். கற்பனை செய் என்று தகப்பன் சொன்னதை மகன் ஒழுங்காகச் செய்திருக்கிறான் என்று நான் சொல்வேன்.

ராபர்ட் ரெட்ஃபோர்ட் இதை 1992-ல் படமாக எடுத்தார். பால் வேஷத்தில் பிராட் பிட். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கார் கிடைத்தது. சுரங்கக் கழிவாலும் மரவெட்டினாலும் பிளாக்ஃபுட் நதி பழுதுபட்டிருந்ததால், மீன்பிடிக் காட்சிகளில் பெரும்பாலானவற்றைக் காலட்டின் என்ற வேறு ஆற்றில் எடுத்தார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சியான படம். ஆனால் தகப்பனுக்கும் மகனுக்கும் இடையே தயங்கித் தயங்கி நடக்கிற பேச்சைப் படத்தில் கோவில் பிரசங்கமாக்கிவிட்டார்கள். பிரசங்க மேடையில் ஏறினால் எல்லாம் தெளிவாகிவிடுகிறது. கதையில் அந்தத் தெளிவு யாருக்கும் கிடைக்கவில்லை.

நார்மனின் மகன் ஜான் மக்ளீனும் அதே ஆற்றில் தூண்டில் கற்றவர். பத்திரிகைக்காரராக இருந்து, 2021-ல் ‘ஹோம் வாட்டர்ஸ்’ என்று தம் குடும்பத்தையும் அந்த நதியையும் பற்றிப் புஸ்தகம் எழுதியிருக்கிறார். அதில் கரையில் நிற்கும் தகப்பன் நார்மன். குறுநாவலை முடித்துவிட்டு அதைப் படிப்பது நல்லது. முன்னால் படித்தால் எது நிஜம், எது கற்பனை என்று கணக்குப் பார்ப்பதிலேயே பொழுது போய்விடும்.

எனக்கு உள்ள மனக்குறை அந்தத் தாயைப் பற்றித்தான். இளையவன் அவளுடைய செல்லப் பிள்ளை. செய்தி வந்ததும் அவள் தன் அறைக்குப் போய்விடுகிறாள். பிறகு ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை. ஆண்களும் கழிகளும் துப்பாக்கிகளும் நிறைந்த வீட்டில் அவள் எப்போதும் தனியாகவே துக்கப்பட்டாள் என்பது ஆசிரியருக்குத் தெரிகிறது, சொல்லவும் சொல்கிறார். சொல்லிவிட்டுத் தகப்பனிடம் திரும்பிவிடுகிறார். அவருடைய தாளக் கருவியையல்லவா ஏரிக்கரைக்கு எடுத்துப்போனார்கள்? நீலுக்குக் கொடுத்த பக்கங்களில் நாலைந்தை அந்த அறைக் கதவுக்குக் கொடுத்திருக்கலாம்.